கல்லை மாற்றி வைத்தவர்

"இனி என்னால முடியாதுங்கம்மா. நான் போயிர்றேன்" என்றார் சென்னியப்பன்.

தெய்வானை அம்மா பழைய வேட்டியைக் கிழித்துக் கைத்துணிகளாக மடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி கிழித்தார்.

"எங்கீங்ணா?"

"திருப்பூருக்குத்தான். மக கூப்பிட்டுக் கூப்பிட்டு அவளுக்கே சலிச்சுப்போச்சு."

"எப்ப?"

"இன்னைக்கு. பொழுதோட."

"சாப்புட்டீங்களா?"

சாப்பிட்டோமா என்று சென்னியப்பன் யோசித்தார். ஞாபகம் வரவில்லை. இதையெல்லாம் யோசித்துச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுகூட அவருக்கு அலுப்பாக இருந்தது.

வாய்க்கால் குடிலைப் பெரிய ஆசிரமம் என்று யாராவது நினைத்துக்கொண்டு வந்தால் அது குடிலின் தப்பில்லை. கோபியிலிருந்து உள்ளே தள்ளி, வாய்க்கால் கரையோரமாக ஓடு போட்ட ஒரு நீளக் கட்டடம், அவ்வளவுதான். வரிசையாகச் சில அறைகள், ஒரு சமையல்கட்டு, நடுவில் ஒரு கூடம். போக்கிடம் இல்லாதவர்களும், போக்கிடம் இருந்தும் போகப் பிடிக்காதவர்களும் அங்கே தங்கியிருந்தார்கள். தெய்வானை அம்மா ஈரோட்டில் நர்ஸாக இருந்தவர். காவி கட்டமாட்டார், உபதேசம் செய்யமாட்டார். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் எதையாவது கேட்டால், பதில் தெரிந்தால் சொல்வார், தெரியாவிட்டால் மோர் கொடுத்து அனுப்புவார்.

அவருக்கு வயது நாற்பத்தைந்துகூட இருக்காது. சென்னியப்பனுக்கு அறுபது தாண்டிவிட்டது. சென்னியப்பன் அவரை அம்மா என்பார், அவர் சென்னியப்பனை அண்ணா என்பார். புதிதாக வருகிறவர்கள் இந்த உறவுமுறையைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச நாள் ஆகும்.

குருவைத் தேடி வந்த சென்னியப்பனுக்குக் கிடைத்தது பொறுப்பாளர் வேலை. அதற்கு அவர் பொருத்தமான ஆள்தான். பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவர். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் ஆகவில்லையா, ஒருவரைச் சத்தியமங்கலம் வண்டியிலும் இன்னொருவரை அந்தியூர் வண்டியிலும் ஏற்றிவிட்டு நிம்மதியாகக் காபி குடித்தவர். ரூட்டை மாற்றினால் தீராத சண்டை உலகத்தில் கிடையாது என்பது அவருடைய நம்பிக்கை. அந்தக் கைப்பழக்கத்தோடுதான் குடிலுக்கு வந்தார்.

யார் யாரோடு முறைத்துக்கொண்டாலும் அறையை மாற்றினார். அறை மாறியும் முறைப்புத் தீரவில்லை என்றால் வேலையை மாற்றினார். தோட்டக்காரர் மாரப்பனுக்கும் சமையல் பாவாயிக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க ஆகாது என்று சாப்பாட்டையே இரண்டு பந்தியாக்கினார். பிறகு முதல் பந்திக்குள்ளேயே தகராறு வந்தது. மூன்றாக்கினார். மூன்று பந்தியும் முடிந்து அவர் தட்டை எடுக்கும்போது அடியில் கொஞ்சம் ரசம்தான் இருக்கும். வந்த சில வருடங்களில் குடிலில் இருக்கிற எல்லோரும் எல்லா அறையிலும் இருந்தாகிவிட்டது. சண்டை மட்டும் ஒரு நாள்கூட லீவு போடவில்லை.

இது போதாதென்று மீன் வேறு வந்து சேர்ந்தது.

நூல் வியாபாரம் செய்யும் ஒருவருடைய மகன் கனடாவுக்குக் கிளம்பும்போது, ஆசையாக வளர்த்த மீன்தொட்டியை யாரிடம் விடுவது என்று தெரியாமல், ஆள் வைத்துத் தூக்கி வந்து குடிலின் கூடத்தில் இறக்கிவிட்டான். ஆள் நீளத்துக்கு இருந்தது தொட்டி. உள்ளே கல் குவியல், கல்லுக்கு நடுவே நீலமும் மஞ்சளுமாக மீன்கள். ஆப்பிரிக்காவில் மலாவி என்று ஒரு ஏரி இருக்கிறதாம், அந்த ஏரி மீன். சிக்லிட் என்று பெயர் சொன்னான். குடிலின் போர்வெல் தண்ணீரில் பருப்பு வேகாது, குழம்பு வைக்கும்போதெல்லாம் பாவாயி அந்தப் போரைப் போட்டவனைத் திட்டுவாள். அந்தக் கடுந்தண்ணீர்தான் இந்த மீனுக்குத் தோது என்றான்.

"பாத்துக்கிட்டே இருந்தீங்கன்னா மனசு அமைதியாயிருமுங்க" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டான்.

அவன் பொய் சொன்னான் என்று சொல்ல முடியாது. மீன் அமைதியாக இருக்கும் என்று அவன் சொல்லவே இல்லை.

நீலத்தில் கறுப்புப் பட்டை போட்ட ஒன்று, தொட்டியில் பாதி தனக்கு என்று பட்டா வாங்கி வந்தது போல நின்றது. மற்றதெல்லாம் அதன் எல்லைக்குள் மூக்கை நீட்டினால் துரத்தும். துரத்தப்பட்டது போய் அதைவிடச் சின்னதைத் துரத்தும். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு மஞ்சள் மீன். எல்லோரும் துரத்தியது போக மிச்சமிருந்த இடம்தான் அதற்கு.

சென்னியப்பன் ஈரோட்டில் ஒரு மீன் கடைக்காரரைப் போனில் பிடித்தார்.

"புது மீன் விடறப்ப மட்டும் கல்லை ஒருக்கா கலைச்சு வைங்க. எது யாரோட இடம்னு மறந்துரும், சண்டை கொறையும்" என்றார் கடைக்காரர்.

புது மீன் விடும்போது மட்டும் என்பதும், ஒருமுறை என்பதும் சென்னியப்பன் மனதில் தங்கவில்லை. கல்லைக் கலைத்து வைக்க வேண்டும் என்பது மட்டும் தங்கியது. டிப்போவில் தான் காலமெல்லாம் செய்ததையே ஒரு மீன்காரரும் சொல்கிறாரே என்று அவருக்கு அப்படியொரு சந்தோஷம்.

முதலில் வாரம் ஒருமுறை கலைத்தார். பிறகு தினமும். இப்போது காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. கலைத்த பிறகு கொஞ்ச நேரம் தொட்டி அடங்கியிருக்கும். எந்த மீனுக்கும் எங்கே போவதென்று தெரியாது, எல்லாம் நடுவில் திகைத்து நிற்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே அவர் திரும்பத் திரும்பத் தொட்டிக்குள் கையை விட்டார். அவருடைய வலது கை எப்போதும் ஊறி வெளுத்திருந்தது.

இன்றைக்குக் காலையில் நடந்ததுதான் அவரைச் சாய்த்துவிட்டது.

பெரிய விஷயமில்லை. பாவாயி முறத்தில் காயவைத்திருந்த கொத்தவரங்காய் வற்றலுக்கு மேலே மாரப்பன் ஈர வேட்டியைக் கொடியில் போட்டுவிட்டார். சொட்டியது. பாவாயி வாய்க்கால் அக்கரைக்குக் கேட்கும்படி கத்தினாள். மாரப்பன் வேட்டியை எடுக்காமல் அங்கேயே நின்று பல் குத்தினார். சென்னியப்பன் ஓடிப்போய், மாரப்பனைக் கடைக்கோடி அறைக்கு மாறச் சொன்னார். சாமான் தூக்க ஒத்தாசையாக இருக்கட்டும் என்று அவரே கூடப் போனார்.

மாரப்பன் கட்டிலுக்கடியிலிருந்து ஒரு துணி மூட்டையை இழுத்தார். இறுக்கிக் கட்டிய முடிச்சு அப்படியே இருந்தது. தோளில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"ஏனுங்க, மத்த சாமானெல்லாம்?" என்றார் சென்னியப்பன்.

"அவ்வளவும் இதுக்குள்ளதானுங்க இருக்குது. நெம்ப நாளா மூட்டையைப் பிரிக்கறதே இல்லீங்க. எப்படியும் மாத்தத்தானே போறீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்குது என்று சொல்கிற குரலில் சொன்னார்.

அந்தப் பேச்சில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டால் சென்னியப்பனுக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. மற்ற அறைகளையும் எட்டிப் பார்த்தார். எந்தச் சுவரிலும் ஒரு காலண்டர் இல்லை, ஒரு படம் இல்லை. ஆணிகள் மட்டும் வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தன. பாவாயி முகம் பார்க்கும் கண்ணாடியைக்கூட மாட்டவில்லை, தரையில் சாய்த்து வைத்திருந்தாள். தலை வாரும்போது குனிந்துதான் பார்ப்பாள் போலிருக்கிறது.

கால் போன போக்கில் கூடத்துக்கு வந்தார். பழக்க தோஷத்தில் கல்லையெல்லாம் கலைத்து வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு திரும்புவதற்குள் நீலம் மஞ்சளைத் துரத்த ஆரம்பித்துவிட்டது. அறுபது தாண்டிய மனிதருக்கு மீன்தொட்டிக்கு முன்னால் அழுகை வந்தது. யாரும் பார்ப்பதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக அம்மாவிடம் வந்தார். வந்துதான் "நான் போயிர்றேன்" என்றார்.

"எதனால போறேன்னு கேக்க மாட்டீங்களாம்மா?"

"சொல்லுங்ணா."

"சலிச்சுப்போச்சுங்க. வேற என்ன சொல்றது? எந்திரிச்சதுலருந்து படுக்கற வரைக்கும் பஞ்சாயத்து. இவங்களை அங்க மாத்தி, அவங்களை இங்க மாத்தி, என் உசுருல பாதி போச்சு. ஒருத்தருக்காவது நல்லது பண்ணியிருக்கறனான்னு பார்த்தா ஒண்ணுமில்லை. சரி, மனுசங்கதான் அப்படின்னா அந்த மீனும் அப்படியே இருக்குது." ஊறிப்போன கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "ஏனுங்கம்மா இந்தச் சண்டை மட்டும் ஓயவே மாட்டேங்குது?"

அம்மா மடித்த துணிகளை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தார்.

"வாங்க, மீனைப் பாக்கலாம்."

"அதைப் பாத்துட்டுத்தானுங்க வர்றேன்."

"நான் பாக்கலீல்ல."

கூடத்தில் தொட்டிக்கு முன்னால் பாயை விரித்து இருவரும் உட்கார்ந்தார்கள். மத்தியான நேரம். மூன்றாவது பந்தி முடிந்து சமையல்கட்டில் பாத்திரம் உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

"கையை மடியில வச்சுக்குங்க" என்றார் அம்மா.

சென்னியப்பன் வைத்துக்கொண்டார். நீலம் கல் இடுக்கிலிருந்து பாய்ந்து மஞ்சளைத் தொட்டியின் மூலைவரை விரட்டியது. சென்னியப்பன் பாதி எழுந்துவிட்டார்.

"கை" என்றார் அம்மா.

உட்கார்ந்தார். மஞ்சள் தண்ணீர்ப் பரப்புக்குக் கீழே ஒட்டிக்கொண்டு நின்றது. இன்னொரு மீன் போய் அதை அங்கிருந்தும் கிளப்பியது. சென்னியப்பனின் விரல்கள் வேட்டியைப் பிடித்துக் கசக்கின. சும்மா உட்கார்ந்திருப்பது இவ்வளவு பாடு என்று அவருக்குத் தெரியாது.

"அந்த மஞ்சளு எங்கீங்ணா தூங்கும்?"

"நேத்து அந்தச் சப்பட்டைக் கல்லுக்கு அடியிலீங்க. இன்னைக்கு எங்கேன்னு தெரியலை. காலைல மாத்திட்டனே."

"அதுக்குத் தெரியுமா?"

சென்னியப்பன் அந்தச் சப்பட்டைக் கல் இப்போது எங்கே கிடக்கிறது என்று தேடினார்.

அம்மா கண்ணைத் தொட்டியிலிருந்து எடுக்காமலே கேட்டார். "மாரப்பன் இப்ப எந்த ரூமுல இருக்கறாரு?"

"கோடி ரூமுங்க."

"பாவாயி?"

"சமையக்கட்டை ஒட்டினாப்ல. அதுக்கு முன்னாடி கெழக்கு ரூமு. அதுக்கும் முன்னாடி ஜன்னல் சாத்தாத ரூமு." சென்னியப்பன் இதில் கெட்டிக்காரர். எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

"மாரப்பனுக்கு முட்டி வலி எப்படி இருக்குது?"

"முட்டி வலீங்களா?"

"பாவாயி தம்பி ஆஸ்பத்திரியில கெடந்தானே, வீட்டுக்கு வந்துட்டானா?"

பாவாயிக்கு ஒரு தம்பி இருக்கிறான் என்பதே சென்னியப்பனுக்கு இப்போதுதான் தெரிந்தது. கோடி அறைக்கு இரண்டு படி ஏற வேண்டும் என்பதும் இப்போதுதான் உறைத்தது. முட்டி வலிக்காரரை மூட்டையோடு அங்கே ஏற்றியிருக்கிறார்.

"எல்லாரும் ஒட்டுக்கா உக்காந்து சாப்புட்டு எத்தனை நாளாச்சுங்ணா?"

"பந்தி பிரிச்சதுக்கப்பறம் இல்லீங்க."

அம்மா திட்டவில்லை. திட்டினால் தேவலை என்றிருந்தது அவருக்கு. திட்டினால் பதிலுக்கு ஏதாவது சொல்லிவிட்டு மூட்டையைக் கட்டலாம். அம்மாவோ முகத்தைக் கண்ணாடிக்குக் கிட்டக் கொண்டுபோய், வார்டில் நோயாளியைப் பார்த்த காலத்துப் பார்வையோடு மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மஞ்சள் மீன் சரேலென்று சாய்ந்து ஒரு கல்லில் உடம்பை இழைத்துவிட்டுப் போனது. நீலமும் அப்படியே செய்தது.

"பாத்தீங்களா, கல்லு கூடயும் சண்டை போடுதுக" என்றார் சென்னியப்பன்.

"அரிக்குதுங்ணா."

"அரிக்குதுங்களா?"

"செவுளைப் பாருங்க. காச்சல்காரனாட்ட மூச்சு வாங்குது. நீலத்துக்கும் அப்படித்தான் வாங்குது." அம்மா திரும்பினார். "கடைசியா எப்பத் தண்ணி மாத்துனீங்க?"

சென்னியப்பன் யோசித்தார். வாரா வாரம் கொஞ்சம் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றச் சொல்லித்தான் அந்தப் பையன் போனான். ஆரம்பத்தில் செய்தார். பிறகு கல் வேலை கூடிவிட்டது.

"கல்லை மாத்தவே நேரம் சரியாப் போயிருதுங்க. தண்ணி பளிச்சுன்னுதானுங்களே இருக்குது? ஃபில்டரும் ஓடுது."

"குழாயைக் கொண்டாங்க. அந்த வெள்ளை வாளியும்."

பெயின்ட் வந்த வாளி, கழுவிக் கூடத்து மூலையில் கிடந்தது. சென்னியப்பன் ரப்பர் குழாயின் ஒரு நுனியைத் தொட்டிக்குள் விட்டு, மறு நுனியை வாயில் வைத்து உறிஞ்சினார். பழக்கம் விட்டுப் போயிருந்ததால் குழாயை எடுக்க ஒரு கணம் தாமதித்துவிட்டார். வாய் நிறையத் தொட்டித் தண்ணீர் வந்தது.

குழாயை வாளிக்குள் போட்டுவிட்டு வெளியே ஓடித் துப்பினார். மறுபடி மறுபடி வாய் கொப்பளித்தார். அப்படியும் அந்த ருசி போகவில்லை. மக்கின இலையும் பாசியும் கலந்த ஏதோ ஒன்று நாக்கில் வழுவழுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. குமட்டலை அடக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

வாளியில் பாதி நிறைந்திருந்தது. கண்ணாடி வழியே பார்க்கும்போது பளிச்சென்று இருந்த தண்ணீர், வெள்ளை வாளிக்குள் மஞ்சளாகத் தெரிந்தது. இளநீர் நிறம் என்று சொல்ல முடியாது. வேறு எதன் நிறம் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"இதுக்குள்ளயாங்க இருந்துதுக?"

"ஆமாங்ணா."

"இத்தனை நாளாவா?"

அம்மா தலையசைத்தார்.

சென்னியப்பன் வாளிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தினம் இரண்டு வேளை கை நனைத்த தண்ணீர் இது. கண்ணில் படவே இல்லை. மீனுக்காக வருத்தப்பட்டாரா, தனக்காகவா, தோளில் மூட்டையோடு அசராமல் நடந்து போன மாரப்பனுக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி வெட்கமாக இருந்தது. அலுப்பு இன்னும் தீரவில்லை. அதன் மேல் இதுவும் சேர்ந்துகொண்டது.

"வாயில்லாச் சீவனுங்கம்மா. அதுகளால சொல்லவும் முடியலை."

"சொல்லிட்டேதானுங்ணா இருந்துதுக. வேற எப்படிச் சொல்லும்? கடிச்சுச் சொல்லுச்சு."

சமையல்கட்டில் பாவாயியின் குரல் உயர்ந்தது. யாரோ கரண்டியைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டார்கள். கொல்லைப்புறத்திலிருந்து மாரப்பன் என்னவோ பதில் சொன்னார். சென்னியப்பனின் கால்கள் தாமாகவே எழுந்துகொள்ளப் பார்த்தன. அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா குழாயைப் பிடித்து, வாளியில் தண்ணீர் சீராக விழும்படி வளைத்துக்கொண்டிருந்தார். சென்னியப்பனும் எழவில்லை. இரண்டு மூன்று வார்த்தைகள் இங்குமங்கும் பறந்தன. பிறகு பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது.

"தண்ணி மாத்திட்டா இனி சண்டை போடாதுங்களா?" சென்னியப்பன் கேட்டார். கேட்கும்போதே குரலில் ஒரு ஆசை எட்டிப் பார்த்தது.

"போடும்."

"போட்டா?"

"துரத்துனா விடுங்க. வாலு கிழிஞ்சா எடுத்துத் தனியா வச்சு ஆத்துங்க."

"கல்லு?"

"கல்லைத் தொடாதீங்க."

சென்னியப்பன் ஊறி வெளுத்த தன் கையைப் பார்த்தார். கல்லைத் தொடாமல், அறையை மாற்றாமல், பந்தியைப் பிரிக்காமல் இந்தக் கையை வைத்துக்கொண்டு ஒரு நாளை எப்படி ஓட்டுவது என்று அவருக்கு விளங்கவில்லை. திருப்பூரில் மகள் வீட்டிலும் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்க வேண்டும். அதை இங்கேயே செய்வதற்கு ஒரு ஆள் எதற்கு?

"கல்லையும் தொடக்கூடாது, சண்டையிலயும் தலையிடக்கூடாது. அப்பறம் நான் இங்க எதுக்குங்கம்மா?"

நிறைந்த வாளியிலிருந்து அம்மா குழாயைத் தூக்கி, நுனியை விரலால் அடைத்து, அவர் கையில் கொடுத்தார்.

"சண்டை போடறதுகளும் மூச்சு விடணுமில்லீங்ணா. அந்தத் தண்ணியைப் பாத்துக்கத்தான் நீங்க."